அரசு முகமையில் பௌதிகப் பாதுகாப்பு வல்லுநர்

பௌதிகப் பாதுகாப்பு வல்லுநர் என்பவர், ஓர் அரசு அலுவலகத்தின் கட்டடம், அதில் பணிபுரிவோர், அங்கு வந்துபோகும் பொதுமக்கள், அங்குள்ள ஆவணங்கள், கருவிகள் ஆகியவற்றுக்கு நேரக்கூடிய தீங்குகளை முன்கூட்டியே ஆராய்ந்து, அவற்றைக் குறைக்கும் வழிகளைப் பரிந்துரைக்கும் அலுவலர் ஆவார். கணினிகளையும் அவற்றிலுள்ள தரவுகளையும் காப்பது இணையப் பாதுகாப்பு. கதவு, பூட்டு, வேலி, விளக்கு, கேமரா, காவலர் ஆகியவற்றைக் கொண்டு மனிதர்களையும் இடங்களையும் காப்பது பௌதிகப் பாதுகாப்பு.

இவரைக் காவலர் என்று எண்ணுவது பரவலாகக் காணப்படும் தவறு. காவலர் வாசலில் நிற்கிறார். அந்த வாசலில் காவலர் தேவையா, எத்தனை பேர் தேவை, அவர் எதைச் சோதிக்க வேண்டும், அவரால் தடுக்க முடியாதது எது என்ற கேள்விகளுக்கு விடை எழுதுபவர் பாதுகாப்பு வல்லுநர். பெரும்பாலான இடங்களில் இவருக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. தம் பரிந்துரையை நிறைவேற்றும்படி ஆணையிடும் அதிகாரமும் கிடையாது. இந்த வரம்புக்குள் நின்று ஒரு கட்டடத்தை எவ்வாறு பாதுகாப்பது என்பதே இப்பணியின் அடிப்படைச் சிக்கல்.

இப்பணி பல நாடுகளில் பல பெயர்களில் உள்ளது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசில் இது தனிப் பதவியாகவும், எழுத்து வடிவிலான தரநிலைகளுடனும் வளர்ந்துள்ளதால், இக்கட்டுரை அந்நாட்டின் நடைமுறையை எடுத்துக்கொண்டு விளக்குகிறது.

ஓக்லகோமா நகரக் குண்டுவெடிப்பு

1995 ஏப்ரல் 19 அன்று காலை 9.02 மணிக்கு, ஓக்லகோமா நகரில் இருந்த ஆல்ஃபிரட் பி. மர்ரா கூட்டாட்சி அரசுக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தப்பட்டிருந்த வாடகை லாரி ஒன்று வெடித்தது. 168 பேர் இறந்தனர். அவர்களுள் 19 பேர் குழந்தைகள். அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இயங்கிய குழந்தைகள் காப்பகத்தில் இருந்தவர்கள்.

ஒன்பது தளங்கள் கொண்ட அக்கட்டடத்தின் வடக்குப் பக்கம் தெருவை ஒட்டி அமைந்திருந்தது. லாரி, கட்டடத்தின் முன்பக்கத் தூண் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் தொலைவிலேயே நின்றது. வெடிப்பு ஒரு தூணை நேரடியாகச் சிதைத்தது. பக்கத்துத் தூண்களும் முறிந்தன. மூன்றாம் தள மட்டத்தில் ஒரு பெரிய உத்திரம் ஓடியது. மேல் தளங்களின் தூண்களைத் தாங்கி, அவற்றின் சுமையைக் கீழே குறைவான எண்ணிக்கையில் இருந்த தூண்களுக்கு மாற்றுவது அதன் வேலை. கீழ்த்தூண்கள் போனதும் உத்திரம் விழுந்தது. அதன்மேல் நின்ற தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. பொறியாளர்கள் இதைத் தொடர் சரிவு என்பர். வெடிப்பின் நேரடித் தாக்கத்தைவிட, அதைத் தொடர்ந்த சரிவே உயிரிழப்பைப் பெருக்கியது.

மறுநாளே குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன், கூட்டாட்சிக் கட்டடங்கள் அனைத்தின் பாதுகாப்பையும் ஆராயுமாறு நீதித்துறைக்கு உத்தரவிட்டார். 1995 ஜூன் 28 அன்று வெளிவந்த ஆய்வறிக்கை, அரசுக் கட்டடங்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான பாதுகாப்புத் தரநிலை எதுவும் அதுவரை இருந்ததில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. ஒவ்வொரு முகமையும் தனக்குத் தோன்றியபடி நடந்துகொண்டிருந்தது. அறிக்கை 52 குறைந்தபட்சத் தரநிலைகளை முன்வைத்து, கட்டடங்களை ஐந்து நிலைகளாகப் பிரித்தது.

அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று பிறப்பிக்கப்பட்ட 12977 எண் கொண்ட நிர்வாக ஆணை, முகமைகளிடைப் பாதுகாப்புக் குழு என்ற நிலையான அமைப்பை உருவாக்கியது. 2023 நவம்பரில் வந்த 14111 எண் கொண்ட ஆணை, பழைய ஆணையின் இடத்தைப் பெற்றது. பாதுகாப்பு வல்லுநர்கள் இன்று பின்பற்றும் இடர் மேலாண்மைத் தரநிலையை வெளியிடுவது இந்தக் குழுவே.

கட்டடத்தின் நிலையை முடிவு செய்தல்

ஒரு சிற்றூரில் நான்கு பேர் பணிபுரியும் வேளாண் உதவி அலுவலகத்துக்கும், தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் அமைச்சகத்துக்கும் ஒரே அளவு பாதுகாப்பு தேவையில்லை. எனவே முதல் வேலை கட்டடத்தின் பாதுகாப்பு நிலையை முடிவு செய்வது. இதற்கு ஐந்து காரணிகள் பார்க்கப்படுகின்றன.

1. பணியின் இன்றியமையாமை: இந்த அலுவலகம் ஒரு நாள் நின்றுபோனால் அரசின் எந்த வேலை நிற்கும்?
2. அடையாள மதிப்பு: தாக்குபவர் கண்ணுக்கு இக்கட்டடம் அரசின் சின்னமாகத் தெரியுமா?
3. மக்கள் எண்ணிக்கை: பணியாளர்களும் பார்வையாளர்களும் சேர்த்து எத்தனை பேர்?
4. பரப்பளவு: கட்டடம் எவ்வளவு பெரியது?
5. அச்சுறுத்தல்: அங்கு இயங்கும் முகமைகள்மீது பகை கொண்டவர்கள் உள்ளனரா? முன்பு ஏதேனும் நடந்துள்ளதா?

ஒவ்வொரு காரணிக்கும் 1 முதல் 4 வரை புள்ளி உண்டு. எடுத்துக்காட்டாக, 750 பேருக்கு மேல் இருந்தால் மக்கள் எண்ணிக்கையில் 4 புள்ளி. 2,50,000 சதுர அடிக்கு மேல் இருந்தால் பரப்பளவில் 4 புள்ளி. கூட்டுத்தொகை 5 முதல் 7 வரை என்றால் முதல் நிலை. 8 முதல் 12 வரை இரண்டாம் நிலை. 13 முதல் 17 வரை மூன்றாம் நிலை. 18 முதல் 20 வரை நான்காம் நிலை. ஐந்தாம் நிலை மிகச் சில கட்டடங்களுக்கு மட்டுமே உரியது. அது புள்ளிக் கணக்கால் கிடைப்பதில்லை. முகமையின் தனித் தீர்மானத்தால் தரப்படுவது.

இந்தக் கணக்கில் கவனிக்கத்தக்க விதி ஒன்று உண்டு. கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தால், தலைகளின் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மக்கள் எண்ணிக்கைக் காரணிக்கு உச்சப் புள்ளியான 4 தரப்பட வேண்டும். ஓக்லகோமாவில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இவ்விதியின் பொருள் தனியே சொல்லாமலே விளங்கும்.

முதல் இரண்டு நிலைகளில் உள்ள கட்டடங்கள் குறைந்தது ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், மற்றவை குறைந்தது மூன்றாண்டுக்கு ஒருமுறையும் மறு மதிப்பீடு செய்யப்பட வேண்டும்.

இடர் மதிப்பீடு

நிலை முடிவானபின் இடர் மதிப்பீடு தொடங்குகிறது. இடர் என்பது மூன்று பகுதிகள் சேர்ந்தது: அச்சுறுத்தல், பலவீனம், விளைவு. இம்மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இடர் பெரிதாக இராது. திருடன் வரக்கூடிய இடம், பூட்டும் பழுது, ஆனால் உள்ளே இருப்பது பழைய நாற்காலிகள் மட்டும் என்றால் அதற்காக யாரும் பெருஞ்செலவு செய்ய மாட்டார்கள்.

வல்லுநர் ஆராய வேண்டிய வேண்டத்தகாத நிகழ்வுகள் முப்பதுக்கும் மேற்பட்டவை தரநிலையில் பட்டியலிடப்பட்டுள்ளன. வாகனக் குண்டு, துப்பாக்கிச் சூடு, தீவைப்பு, கட்டாய நுழைவு, திருட்டு, பணியாளர் மீதான தாக்குதல், காற்றோட்ட அமைப்பில் நச்சுப்பொருள் கலத்தல் எனப் பலவும் அதில் உள்ளன. ஒவ்வொன்றும் இந்தக் குறிப்பிட்ட கட்டடத்தில் எப்படி நடக்கக்கூடும் என்று கேட்க வேண்டும்.

விடைகளில் பெரும்பகுதி மேசையில் அமர்ந்து கிடைப்பதில்லை. வல்லுநர் கட்டடத்தைப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் சுற்றிவர வேண்டும். பகலில் தெளிவாகத் தெரியும் பின்வாசல் இரவில் விளக்கின்றி இருண்டிருக்கும். வரைபடத்தில் பூட்டிய கதவாகக் காட்டப்பட்டது, புகைபிடிக்க வெளியே வருவோர் செருகிய அட்டைத்துண்டால் நாள்முழுதும் திறந்தே கிடக்கும். கேமரா பொருத்தியபோது நட்ட மரம் இப்போது வளர்ந்து அதன் பார்வையை மறைத்திருக்கும். சரக்கு இறக்கும் வாயிலில் வருவோர் யார் என்று எவரும் கேட்காத நேரம் ஒன்று இருக்கும். தூய்மைப் பணியாளர், அஞ்சல் பிரிப்பவர், வரவேற்பு மேசையில் இருப்பவர் ஆகியோருடன் பேசினால், எந்த வரைபடத்திலும் இல்லாத செய்திகள் கிடைக்கும்.

அடுக்குப் பாதுகாப்பும் நேரக் கணக்கும்

பௌதிகப் பாதுகாப்பு அடுக்கடுக்காக அமைக்கப்படுகிறது. கட்டட எல்லை, வெளிச்சுவர், உள்வாசல், தனி அறை, பெட்டகம் என ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. இவ்வடுக்குகள் சேர்ந்து நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும்: வருபவரைத் தயங்கவைத்தல், அவர் வருகையைக் கண்டறிதல், அவரைத் தாமதப்படுத்துதல், எதிர்கொள்ள ஆள் அனுப்புதல். ஒரு பூட்டு எவரையும் என்றென்றும் தடுக்காது. அது நேரத்தை வாங்கித் தருகிறது, அவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் அலுவலகத்தின் வேலியைத் தாண்ட அரை நிமிடமும், பக்கக் கதவை உடைக்க ஒன்றரை நிமிடமும், ஆவண அறையின் கதவை உடைக்க 2 நிமிடமும் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 நிமிடம். காவல்துறையினர் வந்துசேர 7 நிமிடம் ஆகும். அபாயமணி ஆவண அறையின் கதவில் மட்டும் இருக்கிறது.

இந்த அமைப்பில் மணி ஒலிக்கும்போது திருடனுக்கு எஞ்சிய வேலை 2 நிமிடம்தான். காவலர் வரும்போது அவன் போய்விட்டிருப்பான். மணியை வேலிக்கு மாற்றினால், மணி ஒலித்தபின் 4 நிமிடம் கிடைக்கும், அதுவும் போதாது. ஆவண அறைக்கு 6 நிமிடம் தாங்கும் கதவைப் பொருத்தி, மணியைப் பழைய இடத்திலேயே விட்டால் 6 நிமிடம் கிடைக்கும். அப்போதும் ஒரு நிமிடம் குறைகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் மட்டுமே 8 நிமிடம் கிடைத்து, காவலர் முன்னதாக வருவர். கண்டறிவதற்கு முன் கழிந்த தாமதம் பயனற்றது என்பதே இதன் பாடம். புதிதாகப் பணியில் சேர்பவர் முதலில் கற்க வேண்டிய கணக்கு இது. கேமராக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் பாதுகாப்பு கூடிவிடும் என்ற எண்ணம் இக்கணக்கின் முன் நிற்காது. எவரும் பார்த்துக்கொண்டிராத கேமரா, நடந்து முடிந்ததைப் பின்னர் காட்டும், நடப்பதைத் தடுக்காது.

தொலைவும் கண்ணாடியும்

வாகனக் குண்டுக்கு எதிரான மிகச் சிறந்த பாதுகாப்பு தொலைவு. கட்டடத்துக்கும் வெடிக்கும் இடத்துக்கும் இடையிலான தொலைவை இரட்டிப்பாக்கினால், அதே உச்ச அழுத்தத்தைக் கட்டடத்தின்மேல் உண்டாக்க எட்டு மடங்கு வெடிமருந்து தேவைப்படும். சுவரைத் தடிமனாக்குவதைவிட, லாரியைச் சில மீட்டர் தள்ளி நிறுத்துவது பலமுறை மலிவானது.

இதற்காகவே அரசுக் கட்டடங்களைச் சுற்றிப் பொல்லார்டு எனப்படும் குறுந்தூண்கள் நடப்படுகின்றன. இவற்றின் வலிமை மோதல் சோதனையால் அளக்கப்படுகிறது. அமெரிக்கத் தரநிலையில் எம்30 என்ற தகுதி, ஏறத்தாழ 6,800 கிலோ எடையுள்ள லாரி மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும் நிறுத்தக்கூடியது என்பதைக் குறிக்கும். எம்50 என்பது அதே லாரி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருவதற்கானது. எது தேவை என்பது தெருவின் அமைப்பைப் பொறுத்தது. நேரான நீண்ட தெரு கட்டடத்தில் வந்து முடிந்தால் லாரி வேகமெடுக்கும். வளைவு இருந்தால் வேகம் குறையும். பெரிய பூந்தொட்டிகள், கல் இருக்கைகள், உயரமான நடைபாதை விளிம்பு ஆகியவையும் தக்கவாறு அமைத்தால் இதே வேலையைச் செய்யும்.

நகரின் நடுவில் பல கட்டடங்களுக்கு அந்தத் தொலைவு கிடைப்பதில்லை. அப்போது கண்ணாடியைக் கவனிக்க வேண்டியுள்ளது. வெடிப்பில் கட்டடம் நின்றாலும், உடைந்து பறக்கும் கண்ணாடித் துண்டுகள் பலரைக் காயப்படுத்தும். சாதாரணக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டப்படும் பாதுகாப்புப் படலமும், இரு கண்ணாடிகளுக்கு இடையே நெகிழ்வான அடுக்கு வைத்துச் செய்யப்படும் கண்ணாடியும், உடைந்தாலும் துண்டுகளைச் சிதறவிடாமல் பிடித்துவைக்கும்.

பாதுகாப்பும் வெளியேறும் வழியும்

பூட்டு இரு பக்கமும் வேலை செய்யும். திருடனை வெளியே நிறுத்தும் கதவு, தீப்பிடித்தால் பணியாளரை உள்ளே சிறைவைக்கவும் கூடும். ஆகவே மின்பூட்டு பொருத்தும் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கேள்வி எழும்: மின்சாரம் நின்றால் இது திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டியபடியே நிற்க வேண்டுமா? எந்த விடையானாலும், உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பினால் வெளியேற முடிய வேண்டும் என்பதை உயிர்காப்பு விதிகள் வலியுறுத்துகின்றன. வெளியேறும் கதவுக்குச் சங்கிலி போடுவது எளிதான பாதுகாப்பாகத் தோன்றும். அதை அகற்றச் சொல்ல வேண்டியவர் தீயணைப்பு அலுவலர் மட்டுமல்லர், பாதுகாப்பு வல்லுநரும்தான்.

இதைப் போன்றே பொதுமக்களின் அணுகலையும் அவர் எண்ண வேண்டும். ஓய்வூதியம் கேட்டு வரும் முதியவரும், சக்கர நாற்காலியில் வருபவரும், கைக்குழந்தையுடன் வரும் தாயும் அதே சோதனை வாயிலைக் கடக்கிறார்கள். குறுந்தூண்களின் இடைவெளி லாரிக்குக் குறுகலாகவும் சக்கர நாற்காலிக்குப் போதுமானதாகவும் இருக்க வேண்டும். மக்கள் வர அஞ்சும் அலுவலகத்தைப் பாதுகாத்ததால் எப்பயனும் இல்லை.

அடையாள அட்டை வைத்திருப்பவர்

2013 செப்டம்பர் 16 அன்று, வாஷிங்டன் கடற்படைத் தள வளாகத்தில் ஒருவர் 12 பேரைச் சுட்டுக்கொன்றார். அவர் வேலி தாண்டி வந்தவரல்லர். ஒப்பந்தப் பணியாளரான அவரிடம் முறையான அடையாள அட்டை இருந்தது. துப்பாக்கி அவர் கொண்டுவந்த பையில் இருந்தது.

வெளியாளை நிறுத்துவதற்காகக் கட்டிய அடுக்குகள் உள்ளாளுக்குத் திறந்துவிடுகின்றன. ஆகவே யாருக்கு அட்டை தரப்படுகிறது, அது எந்தெந்தக் கதவுகளைத் திறக்கிறது, பணி முடிந்தவரின் அட்டை அன்றே செயலிழக்கிறதா, ஒருவரின் நடத்தையில் கவலை தரும் மாற்றம் தெரிந்தால் உடன் பணிபுரிவோர் யாரிடம் சொல்வது என்பனவும் பௌதிகப் பாதுகாப்பின் பகுதிகளே. வல்லுநரின் அன்றாடப் பணியில் சாவிக் கணக்கெடுப்பும், அட்டைப் பட்டியலைப் பணியாளர் பட்டியலுடன் ஒப்பிடுவதும் அதிகமான நேரத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் இதுதான். பார்ப்பதற்கு எழுத்தர் வேலைபோல் தோன்றும் இதில் ஏற்படும் தவறு, உடைந்த வேலியைவிட ஆபத்தானது.

முடிவெடுப்பவர் யார்

மதிப்பீடு முடிந்ததும் வல்லுநர் அறிக்கை எழுதுகிறார். ஒவ்வொரு பலவீனத்துக்கும் பரிந்துரை, மதிப்பிட்ட செலவு, செய்யாவிட்டால் எஞ்சும் இடர் ஆகியவை அதில் இருக்கும். ஆனால் தீர்ப்பு அவருடையதன்று.

பல முகமைகள் ஒரே கட்டடத்தில் இருந்தால், அவற்றின் பிரதிநிதிகள் கொண்ட கட்டடப் பாதுகாப்புக் குழு கூடி வாக்களிக்கும். எந்த முகமை எவ்வளவு இடத்தைப் பயன்படுத்துகிறதோ, அந்த அளவுக்கு அதன் வாக்குக்கு மதிப்பு. செலவும் அவ்வாறே பகிரப்படும். தலைமையகத்தைக் கலந்து வாக்களிக்க 45 நாள் அவகாசம் உண்டு. குழுவில் இருப்போர் பெரும்பாலும் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். வரி, ஓய்வூதியம், வேளாண்மை என்று தத்தம் வேலையை உடையவர்கள். அவர்கள் முன் இருக்கும் பணமும் அந்த வேலைக்கானதே.

குழு ஒரு பரிந்துரையை மறுக்கலாம். அது தவறன்று, எல்லா இடரையும் நீக்க எந்த அரசிடமும் பணம் இல்லை. ஆனால் மறுப்பதானால், இந்த இடரை நாங்கள் ஏற்கிறோம் என்று காரணத்துடன் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று தரநிலை கோருகிறது. இடர் ஏற்பு எனப்படும் இந்த ஆவணம் இப்பணியின் மையம் எனலாம். அது இருந்தால், அறிந்தே எடுத்த முடிவு என்று பொருள். அது இல்லாவிட்டால், யாரும் முடிவெடுக்கவில்லை என்று பொருள்.

நடைமுறையில் இரண்டாவதே மிகுதி. பொதுச் சேவைகள் நிர்வாகத்தின் பொறுப்பிலுள்ள கூட்டாட்சிக் கட்டடங்கள் பலவற்றில் மதிப்பீடு செய்வது, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின்கீழ் உள்ள கூட்டாட்சிப் பாதுகாப்புச் சேவை. 2017 முதல் 2021 வரையிலான நிதியாண்டுகளில் ஏறத்தாழ 5,000 கட்டடங்களுக்கு அது தந்த பரிந்துரைகளைக் காங்கிரசின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் ஆராய்ந்து, 2023-இல் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்ட பரிந்துரைகளுக்கு ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. பதிலே வரவில்லை என்று அது கண்டது.

எழுதப்பட்ட ஏற்பாடு நடைமுறையில் வேலை செய்கிறதா என்பது இன்னொரு கேள்வி. இதே தணிக்கை அலுவலகத்தின் ஆய்வாளர்கள் 2009-இல், நான்காம் நிலையைச் சேர்ந்த 10 கட்டடங்களுக்குள் வெடிகுண்டின் பாகங்களை மறைத்து எடுத்துச் சென்று சோதித்தனர். பத்திலும் அவர்கள் தடுக்கப்படவில்லை. 2024-இல் வெளியான சோதனை முடிவுகளில், 14 கட்டடங்களில் நடத்திய 27 முயற்சிகளில் ஏறத்தாழ பாதியில் தடைசெய்யப்பட்ட பொருள்களை ஒப்பந்தக் காவலர்கள் கண்டுபிடிக்கவில்லை. எக்ஸ்ரே கருவியும் வாயிலும் காவலரும் எல்லா இடத்திலும் இருந்தன. இருப்பதும் இயங்குவதும் ஒன்றல்ல என்பதால்தான், சோதனை செய்து பார்ப்பது வல்லுநரின் கடமைகளில் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது.

தகுதியும் தேர்வும்

அமெரிக்கக் கூட்டாட்சிப் பணியில் இப்பதவி, பாதுகாப்பு நிர்வாகம் என்ற 0080 எண் கொண்ட தொடரில் அடங்கும். ஊதியம் 15 படிகள் கொண்ட பொது அட்டவணைப்படி வழங்கப்படுகிறது. இப்பதவிக்கான அறிவிப்புகள் பெரும்பாலும் 9 முதல் 13 வரையிலான படிகளில் வெளிவருகின்றன. காலியிடங்கள் யு.எஸ்.ஏ.ஜாப்ஸ் என்ற அரசு இணையதளத்தில் அறிவிக்கப்படும். பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம்.

குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி இத்தொடருக்கு இல்லை. தொடக்கப் படிகளில் கல்வித்தகுதியைக் கொண்டும், உயர்படிகளில் அதற்கு முந்தைய படிக்கு இணையான ஓராண்டு சிறப்பு அனுபவத்தைக் கொண்டும் தேர்வு நடைபெறுகிறது. படைத்துறையிலோ காவல்துறையிலோ பணியாற்றியவர்கள் பலர் இப்பணிக்கு வருகின்றனர். கட்டடக்கலை, மின்னணுவியல், தீப்பாதுகாப்பு ஆகியவற்றில் பயிற்சி உள்ளவர்களும் பயன்படுவர். தேர்வானவரின் கடந்தகால வாழ்க்கை, கடன், வெளிநாட்டுத் தொடர்பு ஆகியவை பற்றிய பின்னணி விசாரணை நடைபெறும். அது முடியப் பல மாதங்கள் ஆகலாம்.

ஜார்ஜியா மாநிலத்தின் கிளின்கோவில் உள்ள கூட்டாட்சிச் சட்ட அமலாக்கப் பயிற்சி மையங்கள் பௌதிகப் பாதுகாப்புப் பயிற்சியை அளிக்கின்றன. ஏசிஸ் இன்டர்நேஷனல் என்ற தொழில்முறை அமைப்பு, அனுபவமும் தேர்வும் அடிப்படையாகக் கொண்டு பி.எஸ்.பி., சி.பி.பி. ஆகிய சான்றிதழ்களை வழங்குகிறது. இவை அரசுக்கு வெளியிலும் பல நாடுகளில் ஏற்கப்படுபவை.

இப்பணிக்கு வேண்டிய திறன்களுள் மாணவர்கள் எளிதில் மறந்துவிடுவது எழுத்துத் திறன். பூட்டையும் கேமராவையும் பற்றி அறிந்தவர் பலர் உண்டு. பாதுகாப்பைப் பற்றி எதுவும் அறியாத ஓர் அதிகாரி, இரண்டு பக்கத்தைப் படித்து, இந்த வாசலை இப்படியே விட்டால் யாருக்கு என்ன நேரும், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று புரிந்துகொள்ளும்படி எழுதுபவர் குறைவு. மிகைப்படுத்தி அச்சுறுத்தினால் அடுத்தமுறை நம்ப மாட்டார்கள். மழுப்பி எழுதினால் கோப்பு அலமாரிக்குப் போய்விடும்.

வெற்றி கண்ணுக்குத் தெரியாத பணி இது. எதுவும் நடக்காத ஆண்டுகளில், செலவு வீண் என்று கேட்பவர்கள் உண்டு. ஏதேனும் நடந்துவிட்டால், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. இரு கேள்விக்கும் வல்லுநரிடம் உள்ள விடை அவர் எழுதிய அறிக்கையும், அதன்மேல் பிறர் எடுத்த முடிவின் பதிவும்தான். ஓக்லகோமாவின் அந்தத் தெருவில், கட்டடத்துக்கு அருகே லாரி நிற்கலாமா என்ற கேள்விக்கு அரசு முழுவதற்கும் பொதுவான விடை 1995 ஏப்ரல் வரை இருக்கவில்லை. இன்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் அக்கேள்வியை ஒருவர் கேட்டே ஆக வேண்டும். அதைக் கேட்டு, விடை வரும்வரை விடாமல் தொடர்பவரே பௌதிகப் பாதுகாப்பு வல்லுநர்.